கேட்கிறவருக்குச் சொல்லும் பதில்

விசுவாசத்துக்கு நியாயம் சொல்லுதல் என்பது கிறிஸ்தவ மரபுக்கு நீதிமன்றத்திலிருந்து வந்த வழக்கம். 'அப்பொலொகியா' என்ற கிரேக்கச் சொல், குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதிகளின் முன் எடுத்துரைக்கும் மறுமொழியைக் குறித்தது. ஏதென்ஸில் சாக்ரட்டீஸ் தம் தரப்பைச் சொன்னதும் எருசலேமில் பவுல் சொன்னதும் இந்தச் சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரத்தில், இதே சொல்லை நீதிமன்றத்திலிருந்து தெருவுக்கு இறக்கி வைக்கிறது. நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று எவர் கேட்டாலும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும், அதையும் சாந்தத்தோடு சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. பழைய தமிழ் வேதாகமம் அங்கே 'உத்தரவு' என்ற சொல்லை ஆள்கிறது. இன்று கட்டளையைக் குறிக்கும் அச்சொல்லுக்கு அன்று விடை என்பதே பொருள்.

அந்த வசனத்தில் ஒரு வரிசை இருக்கிறது. கேள்வி முன்னால் வருகிறது, விடை பின்னால் வருகிறது. ஒருவர் கேட்க வேண்டுமென்றால், கேட்கத் தூண்டும்படியான வாழ்க்கை ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இந்த வரிசையைக் கைக்கொண்டபோதும் மாற்றிப்போட்டபோதும் என்ன நடந்தது என்பதை, ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் பூமி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்த்து வந்திருக்கிறது.

முதல் கட்டம் கடைத்தெருவில் நடந்தது. 1853-இல் ஆர்க்காடு மிஷனை நிறுவிய ஸ்கடர் சகோதரர்களில் மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர். அவர் 1822-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தவர், தமிழோடு வளர்ந்தவர். ஆங்கிலப் பள்ளிகளைவிடத் தமிழ்ப் பிரசங்கத்தையே அவரது மிஷன் பெரிதாக நம்பியது. சந்தையிலும் கடைத்தெருவிலும் பேசுவோருக்காக அவர் தமிழில் ஒரு கைநூல் எழுதினார். தமிழ்ப் புலவர்களின் பாடல்களையே சான்றாக அடுக்கி வாதம் செய்யும் அந்த நூல், 'பஜார் புக்' என்ற பெயரில் 1869-இல் ஆங்கிலத்திலும் வந்தது. கேட்பவரின் இலக்கியத்தைக் கற்றுக்கொண்டு பேசியது அந்த முறையின் பலம். அந்தப் பாடல்களை அவற்றின் சமயச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து, பாடியவரின் மரபையே தாக்கும் ஆயுதமாக்கியது அதன் பலவீனம்.

இந்த வகை வாதத்துக்கு எதிர்வாதமும் உடனே பிறந்தது. ஹென்றி ஸ்கடர் பிறந்த அதே 1822-இல், அதே யாழ்ப்பாணத்தில், நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிஷனரி பீட்டர் பெர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய அவர், 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். கிறிஸ்தவர்கள் சைவத்தின்மேல் வைத்த குறைகளை அவர்களுடைய வேதாகமத்தையே கையில் எடுத்துத் திருப்பிக் கேட்ட நூல் அது. பிறரின் நூலைக் குறை காணும் வாதம் எவர் கையிலும் வேலை செய்யும் என்பதை அது நிறுவிவிட்டது.

அடுத்த கட்டம் வகுப்பறை. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1900 முதல் 1904 வரை வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்தார், பின்பு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். இந்து சமயத்தின்மேல் கிறிஸ்தவர்கள் வைத்த விமர்சனமே தம்மை அதை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகவே 1908-இல் தம் முதுகலை ஆய்வுரையை எழுதினார். அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் அந்த ஆய்வுரையைப் பாராட்டினார். கிறிஸ்தவ நம்பிக்கையில் உறுதியாக நின்ற ஹாக், கர்மக் கோட்பாட்டைக் கேலி செய்து கடந்துபோகாமல், அது எழுப்பும் கேள்வியின் கனத்தை ஏற்றுக்கொண்டு 1909-இல் 'கர்மமும் மீட்பும்' என்ற பொருளில் நூல் எழுதினார். நியாயம் சொல்லுதலில் சாந்தம் என்பது என்ன என்று கேட்டால் இந்த ஆசிரியரையும் மாணவரையும் காட்டலாம். ஒருவர் மற்றவரை மாற்றவில்லை. ஆனால் இருவருடைய சிந்தனையும் கூர்மையடைந்தது.

மூன்றாம் கட்டம் மருத்துவமனை. இங்கேதான் கேள்வி உண்மையில் முன்னால் வந்தது. அதே ஸ்கடர் குடும்பத்தில், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகும் விருப்பமே இருக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டு வந்தார்கள். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னபோது, ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இளம்பெண் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார், 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவையே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. குடியாத்தம் சாலையில் ஐடாவின் கார் நிற்கும் இடமெல்லாம் வைத்தியசாலை ஆயிற்று. அந்த மரத்தடிகளில் எவரும் திரித்துவத்தைப் பற்றி விவாதம் கேட்கவில்லை. இந்த அம்மாள் ஏன் இங்கே வந்தார் என்ற கேள்வி மட்டும் எழுந்தது.

சேவை மட்டும் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற முடிவுக்கு இதைக் கொண்டுபோய்விடக் கூடாது. வேலூரில் சேவையின் உள்ளிருந்தே வலுவான வாதம் ஒன்று பிறந்தது. அது வலியைப் பற்றியது. நல்ல கடவுள் இருக்கும் உலகில் வலி ஏன் என்பது எந்தக் கடவுள் நம்பிக்கைக்கும் கடினமான கேள்வி. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளை ஆராயத் தொடங்கினார். நோயே விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது.

அவர் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகலில் திறந்துவிட்டான். அந்தப் பிஞ்சு விரலுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தவர், தரையில் சொட்டிய இரத்தத்தைப் பார்த்தார். சாவி விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. பையனுக்கு எதுவும் தெரியவில்லை. இன்னும் சிலருக்கு இரவில் விரல்நுனி காணாமல் போயிற்று. விழித்திருந்து காவல் காத்தபோது, தூங்குகிறவர்களின் உணர்விழந்த விரலை எலி கடித்துச் செல்வது தெரிந்தது. நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

இப்படிச் சேர்ந்த சான்றுகளிலிருந்து வந்த முடிவு எளிமையானது. நோய் நரம்பைக் கெடுத்து உணர்வை எடுக்கிறது. உணர்வு போனபின், வலிக்காத காயங்களும் அவற்றில் ஏறும் கிருமியும்தான் விரலை அழிக்கின்றன. வலி உடலின் காவல்காரன் என்ற பிராண்டின் வாதம் இதிலிருந்து வளர்ந்தது. எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து பின்னாளில் அவர் எழுதிய நூல்களின் வழி அது உலகெங்கும் பரவியது.

அந்த வாதம் வேலூரில் முதலில் செருப்பாக உருவெடுத்தது என்பதைத் தோல் தொழில் ஊர்கள் கவனிக்க வேண்டும். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தில், உணர்விழந்த பாதங்களுக்காக நுண்ணிய காற்றறைகள் கொண்ட 'மைக்ரோ செல்லுலார்' ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. நோயாளிகள் வாயில் இது 'எம்.சி.ஆர். செருப்பு'. மேலே மெத்தென்ற ரப்பர், கீழே முள் ஏறாத கடினமான அடி, ஒட்டும் தைப்பும் மட்டுமே. ஆணி அடிப்பதில்லை, ஏனென்றால் உணர்வில்லாத காலில் ஆணி ஏறினால் காலுக்குரியவர் அறியமாட்டார். இன்று நீரிழிவுக்காரர்களும் அதையே போட்டு நடக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. எச்சரிக்கும் வலிக்கு அது நியாயம் சொல்கிறது. எச்சரித்துப் பயனில்லாத கட்டத்தில், முற்றிய புற்றுநோயில் வரும் வலிக்கு அதனிடம் விடையில்லை. பிராண்டோடு பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார், பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். துன்பம் ஏன் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை தர்க்கரீதியான தீர்வு அல்ல. துன்பத்தோடு என்ன செய்யலாம் என்ற வேறொரு கேள்விக்கு அது விடை.

அறிவு வெளியே இருப்பவரை நோக்கி மட்டும் வேலை செய்வதில்லை, விசுவாசிகளின் தவறான வாசிப்பையும் திருத்துகிறது. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் தமிழ் வேதாகமம் குஷ்டம் என்று சொல்வதை வைத்து, தொழுநோயாளியைத் தீட்டானவர் என்று ஒதுக்கிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே அதிகாரம் அந்தக் குஷ்டம் துணியிலும் தோலிலும் வரும் என்கிறது, அடுத்த அதிகாரம் வீட்டுச் சுவரிலும் வரும் என்கிறது. மழைக்காலத்தில் தோல் கிடங்கைத் திறந்து பார்த்த ஆம்பூர்க்காரர் எவரும் சொல்வார், தோலில் படர்வது பூஞ்சை என்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்த தொழுநோய் மருத்துவர் ராபர்ட் கொக்ரேன், வேதாகமம் சொல்லும் அந்த நோயும் இன்றைய தொழுநோயும் ஒன்றல்ல என்று விளக்கித் தனி நூலே எழுதினார்.

இன்றைய கேள்விகள் இந்தத் தோல் தொழில் ஊர்களின் வழியே ஓடும் பாலாற்றிலிருந்து வருகின்றன. ஆவாரம் பட்டையில் ஊறிய தோல் குரோமியத்துக்கு மாறிய பிறகு, கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அறிவித்தது. படைப்பு கடவுளுடையது என்று ஞாயிற்றுக்கிழமை அறிக்கையிடுகிறவர்களை, திங்கட்கிழமை அந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

சாதி அதைவிடப் பழைய கேள்வி. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதில் சேரவில்லை. அரசுத் தரப்பில், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். இந்த அநீதியைக் கேட்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு. மணமகன், மணமகள் விளம்பரத்தில் சாதியைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டால், கேட்கிற குரலுக்குப் பலம் இருக்காது. எல்லாரும் தேவசாயல் என்ற கோட்பாட்டை மறுப்பவருக்கு வேறு ஆதாரம் தேவைப்படாது.

நியாயம் சொல்ல ஆயத்தமாகுங்கள் என்ற அறிவுரை பேதுருவின் பெயரில் வந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் அவரைப் பற்றி ஒரு முகவரி தருகிறது. யோப்பாவில் கடலோரம், தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் அவர் பல நாள் தங்கினார். யூதரின் மிஷ்னா, தோல் பதனிடும் இடத்தை ஊரிலிருந்து 50 முழம் தள்ளி வைக்கச் சொல்கிறது, கணவனின் அந்தத் தொழிலைக் காரணம் காட்டி மனைவி மணவிலக்குக் கேட்கவும் இடம் தருகிறது. அப்படிப்பட்ட வீட்டின் மேல்மாடியில்தான், எந்த மனிதரையும் தீட்டானவர் என்று சொல்லலாகாது என்பது பேதுருவுக்குக் காட்டப்பட்டது. யூதரல்லாத கொர்நேலியுவின் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்து நின்றதும் அந்த வீட்டு வாசலில்தான். பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார், மறுநாள் அவர்களோடு புறப்பட்டுப் போனார், அதன் பிறகே பேசினார்.