கோச்சை மாற்றினால் டீம் மாறுமா? சென்னையின் எஃப்சியின் '27 புள்ளி' கணக்கு சொல்வது என்ன?

நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் போதும். 'கோச்சைத் தூக்குங்க' என்ற குரல் கிளம்பிவிடும். தூக்கிய மறுநாளே அதே இடத்தில் 'இவரை ஏன் தூக்கினீங்க, டீமை வாங்கிக் கொடுத்தது யாரு?' என்ற கேள்வியும் வரும். கால்பந்து ரசிகர்களின் இந்தச் சண்டை மான்செஸ்டரில் மட்டும் நடப்பதல்ல. வில்லியனூர், பாகூர் பக்கமும் ஆட்டம் பார்க்கிறவர்கள் இருக்கும் இடத்தில் இதே பேச்சுதான்.

புதுச்சேரிக்கு ஐஎஸ்எல்-லில் சொந்த அணி கிடையாது. இங்கே 'நம்ம டீம்' என்றால் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையின் எஃப்சி. ராத்திரி 7.30 ஆட்டத்தை நேரு ஸ்டேடியத்தில் பார்த்துவிட்டு ஈசிஆரில் பஸ் பிடித்தால் பாகூர் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். அதனால் பெரும்பாலானோருக்கு டிவி அல்லது மொபைல்தான் கேலரி. அப்படி நேரம் ஒதுக்கிப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: கோச்சை மாற்றுவதால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா?

சென்னையின் எஃப்சியின் கதையையே எடுத்துக்கொள்வோம். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு கோப்பை, அப்புறம்?

2014-ல் தொடங்கிய கிளப். அபிஷேக் பச்சன், தோனி, விதா டானி ஆகியோர் உரிமையாளர்கள். முதல் கோச் மார்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அவரேதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடி, ஃபைனலில் கோவாவை 3-2 என வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள். அடுத்த சீசனில் 7ஆம் இடம். மாட்டராசி கிளம்பினார்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரிகோரி. வந்த முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என வீழ்த்தி இரண்டாவது கோப்பை. அதற்கு அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். சாம்பியனாக இருந்த அணி ஒரே வருடத்தில் அடிமட்டத்துக்குப் போனது.

இங்கேதான் நிர்வாகம் வித்தியாசமாக நடந்தது. கிரிகோரியை நீக்கவில்லை. 'கோப்பை வாங்கிக் கொடுத்தவர், இன்னொரு வாய்ப்பு கொடுப்போம்' என்று வைத்துக்கொண்டார்கள். 2019-20 சீசன் ஆரம்பித்தது. முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2019 நவம்பர் கடைசியில் கிரிகோரி விலகினார். பொறுமையாக இருந்ததற்காகவும் திட்டு வாங்கிய நிர்வாகம் இது.

கோய்ல் வந்தார், எல்லாம் மாறியது. ஆனால் எதனால்?

டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அணி 29 புள்ளியோடு 4ஆம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என வென்று ஃபைனலுக்குப் போனது. 2020 மார்ச் 14-ல் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் ஏடிகே-விடம் 3-1 எனத் தோற்றது. 'கோச்சை மாற்றினால் டீம் மாறும்' என்று வாதாடுகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் பெரிய ஆதாரம்.

ஆதாரம் வலுவானதுதான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே என முன்வரிசை ஏறக்குறைய அதேதான். மாறியது கோச் மட்டுமே. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. கிரிகோரியின் கடைசி இரண்டு ஆட்டங்களில் அணி 4 கோல் போட்டிருந்தது. ஹைதராபாத்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெற்றி, ஒடிசாவுடன் 2-2 டிரா. அதாவது, பந்து வலைக்குள் போக ஆரம்பித்த பிறகுதான் கோச் மாறினார்.

இதில் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. எந்த கோச்சையும் அணி நன்றாக ஆடும்போது நீக்குவதில்லை. மோசத்திலும் மோசமான கட்டத்தில்தான் நீக்குகிறார்கள். அதற்குக் கீழே போக இடமில்லாததால், யார் வந்தாலும் அடுத்த சில ஆட்டங்கள் கொஞ்சம் மேலேதான் இருக்கும். நெதர்லாந்து பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். கோச்சை நீக்கிய கிளப்புகளையும், அதே மாதிரி சரிந்தும் கோச்சை நீக்காத கிளப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மீண்டன.

மூன்று கோச், மூன்று முறையும் 8ஆம் இடம்

2020-ல் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கே 2021-22-ல் லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். சென்னையில் என்ன நடந்தது?

2020-21: சாபா லாஸ்லோ. 20 புள்ளி, 8ஆம் இடம். 20 ஆட்டங்களில் 11 டிரா.

2021-22: போஸிதார் பாண்டோவிச். கோவாவிடம் 5-0 எனத் தோற்றதும் 2022 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். மீதியை சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். மறுபடி 20 புள்ளி, 8ஆம் இடம்.

2022-23: தாமஸ் பிராடரிச். 27 புள்ளி, மறுபடியும் 8ஆம் இடம்.

ஹங்கேரி பின்னணி கோச், மாண்டினீக்ரோ கோச், ஜெர்மன் கோச். மூவரும் வேறு வேறு பாணி. இடம் மட்டும் மாறவேயில்லை. மூன்று பேர் ஓட்டியும் வண்டி ஒரே இடத்தில் நின்றால் டிரைவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதைவிட சுவாரசியமானது அடுத்து வருவது. 2023-ல் கோய்லைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 2023-24-ல் 6ஆம் இடம், நாலு வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப். 'பார்த்தீங்களா, கோய்ல் வந்ததும் டீம் எழுந்துடுச்சு' என்று கொண்டாட்டம். 2024-25-ல் 11ஆம் இடம். 'கோய்லுக்கு வேலை தெரியல' என்று கோபம். 2025-ல் அவர் மறுபடி விடைபெற்றார்.

இப்போது புள்ளிகளைப் பாருங்கள். பிராடரிச்சின் 8ஆம் இடம்: 27 புள்ளி. கோய்லின் 6ஆம் இடம்: 27 புள்ளி. கோய்லின் 11ஆம் இடம்: அதுவும் 27 புள்ளி!

மூன்று சீசன், ஒரே எண்ணிக்கை. வித்தியாசம் எங்கே என்றால், ஆட்டங்களின் எண்ணிக்கை 20, 22, 24 எனக் கூடியது. அப்படிப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கான சராசரி பிராடரிச்சிடம் 1.35, பிளேஆஃப் போன கோய்லிடம் 1.23, அடுத்த வருடம் 1.13. பிளேஆஃப் போகாமல் வெளியேறிய கோச்சின் சராசரி, பிளேஆஃப் போய் பாராட்டு வாங்கிய கோச்சின் சராசரியைவிட அதிகம். அந்த வருடம் மற்ற அணிகள் எப்படி ஆடின என்பதுதான் இடத்தை முடிவு செய்தது. பட்டியலில் உள்ள இடத்தை மட்டும் பார்த்து கோச்சை எடைபோடும் நிர்வாகமும் ரசிகரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

அப்போ பொறுப்பு யாருக்கு?

ஆட்டக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். லாலியன்சுவாலா சாங்டே 2022 ஜனவரியில் சென்னையிலிருந்து மும்பை சிட்டிக்குப் போனார். அடுத்த சீசனிலேயே ஏஐஎஃப்எஃப்-பின் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். கேப்டனாக இருந்த அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். ஃபைனல் வரை கொண்டுபோன ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ், கோய்ல் போன அதே ஜாம்ஷெட்பூருக்கு அவர் பின்னாலேயே போனார்.

இந்த முடிவுகளை மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கோச் தனியாக எடுப்பதில்லை. யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம், யாரை விட்டுவிடலாம் என்பதெல்லாம் நிர்வாக அறையில் முடிவாகும். ஆனால் தோல்வி வந்தால் 25 ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது, உரிமையாளர் தன்னைத்தானே நீக்கிக்கொள்ள மாட்டார். மிச்சமிருப்பது ஒருவர்தான்.

அந்த ஒருவரை அனுப்புவதும் சும்மா இல்லை. காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறித்தால் மீதிக் காலச் சம்பளத்துக்கு கோச் ஃபிஃபாவிடம் போகலாம். பணம் கட்டாத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழும். அதனால்தான் பல அறிவிப்புகளில் 'பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்' என்ற வரி வருகிறது. பெரும்பாலும் ஒரு தொகை பேசி முடித்த பிறகுதான் அந்த வரி எழுதப்படும்.

பெரிய கிளப்பும் இதில் விதிவிலக்கு இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. அக்டோபர் 28-ல் நீக்கியது. அவருக்கும் அவர் குழுவுக்கும் கொடுத்தது 1.04 கோடி பவுண்ட், நம்ம பணத்தில் சுமார் 110 கோடி ரூபாய். நாலு மாதத்தில் மனசு மாறியதற்கான கட்டணம். டாட்டன்ஹாம் இன்னும் ஒரு படி மேலே: 2025 மே 21-ல் யூரோப்பா கோப்பை வாங்கிக் கொடுத்த ஆஞ்சி போஸ்டகோக்ளூவை 16 நாளில் அனுப்பிவிட்டது.

ரசிகருக்கு ஓட்டு இருக்கா?

ஜெர்மனியில் இருக்கு. '50+1' விதிப்படி கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. பார்சிலோனாவில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐஎஸ்எல்-லில் அப்படி எதுவும் இல்லை. ரசிகர் கையில் இருப்பது டிக்கெட் மட்டும்தான். (ஓட்டில்லாத நிர்வாகம் வில்லியனூர், பாகூர்காரர்களுக்குப் புதுசு இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2006-ல். பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் எடுத்த முயற்சியும் வழக்கில் நின்றது.)

அந்த டிக்கெட்டை ஆயுதமாக்கிக் காட்டியது கேரளா பிளாஸ்டர்ஸின் 'மஞ்சப்படை'. 2024 டிசம்பரில் அணி சரிந்தபோது அவர்கள் கோபம் கோச் மேல் இல்லை, நிர்வாகத்தின் மேல். டிக்கெட் வாங்க மாட்டோம், விற்க மாட்டோம் என்றார்கள். அதே மாதம் நிர்வாகம் செய்தது என்ன? 12 ஆட்டங்களில் 11 புள்ளி எடுத்திருந்த கோச் மிகேல் ஸ்டாரேவை நீக்கியது. ரசிகர் ஒன்று கேட்க, நிர்வாகம் வேறொன்றைக் கொடுத்தது. பிறகு ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அறிவித்தார்கள். ஆலோசனைதான், ஓட்டு இல்லை. இடைக்கால கோச்சின் கீழ் புள்ளிகள் கூடின. ஆனாலும் சீசன் முடிவில் 8ஆம் இடம், பிளேஆஃப் இல்லை.

கோச்சைவிடப் பெரிய பிரச்சனை

ஹைதராபாத் எஃப்சியை நினைவிருக்கா? 2022 மார்ச்சில் சாம்பியன். அடுத்த இரண்டு வருடத்தில் சம்பள பாக்கி, வீரர்களைப் பதிவு செய்யத் தடை, ஆட்டக்காரர்கள் வெளியேற்றம். உரிமையாளர் மாறி, 2025-ல் அந்தக் கிளப் டெல்லிக்கே போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது. அங்கே மோசமான கோச் யாரும் இல்லை. கணக்குப் புத்தகம்தான் மோசம்.

2025-ல் இந்தப் பயம் எல்லா ஐஎஸ்எல் கிளப்புக்கும் வந்தது. ஏஐஎஃப்எஃப்-க்கும் லீக்கை நடத்திய எஃப்எஸ்டிஎல்-க்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் டிசம்பர் 8-ல் முடிய வேண்டியிருந்தது. புதுப்பிப்பதில் முடிவு இல்லை என்பதால் ஜூலை 11-ல் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. உரிமத்துக்கு டெண்டர் விட்டபோது ஒருவர்கூட வரவில்லை. ஆடுவதற்கே லீக் இல்லாதபோது எந்த கோச்சைத் திட்டுவது?

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் சென்னை நிர்வாகம் அக்டோபரில் கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டாவை கோச் ஆக்கியது. 2019 டிசம்பரில் கோய்ல் வந்ததையும் சேர்த்தால் ஆறாவது நியமனம். 2023-ல் ஒடிசாவின் இடைக்கால கோச்சாக வந்து சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர். வெளிநாட்டு கோச்சுகளையே நம்பி வந்த கிளப் இந்தியர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்திருப்பது துணிச்சலா, சிக்கனமா என்பது இப்போது ரசிகர்களின் புது சண்டை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

2026 ஜனவரி 6-ல் மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தபடி பிப்ரவரி 14 தொடக்கம், 14 கிளப், மொத்தம் 91 ஆட்டம். அதாவது ஒரு கிளப்புக்கு 13 ஆட்டம்தான். முந்தைய சீசனில் 24. நாலு ஆட்டம் தோற்றால் மூன்றில் ஒரு பங்கு சீசன் காலி. கிரிகோரிக்குக் கிடைத்த ஆறு ஆட்டம், இந்தக் கணக்கில் ஏறக்குறைய பாதி சீசன்.