எந்த ஊர்க் கடிகாரம்?

கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்கு ஒரு ஜாதகம் வந்தால் நட்சத்திரத்தைப் பார்க்கிறோம், படிப்பைப் பார்க்கிறோம், சம்பளத்தைப் பார்க்கிறோம். பிறந்த நேரத்தை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. "காலை 6 மணி 10 நிமிஷம்" என்று எழுதியிருந்தால் அது வேதவாக்கு! அந்த 6.10 எந்த ஊர்க் கடிகாரத்தின்படி என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது, நேயர்களே.

திண்டுக்கல் ஜில்லா சேவுகம்பட்டியில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 1998-ல் கொழும்பில் பிறந்தவன். இப்போது கனடாவில் உத்தியோகம். பெண்ணின் சித்தப்பா செல்போனை எடுத்து, பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டுகிறார். "இலங்கை பக்கத்து வீடு மாதிரி, அங்கேயும் நம் மணிதானே?" என்று இந்திய நேரத்தையே போட்டுவிடுகிறார். ஒரே நொடியில் ஜாதகம் தயார். அழகான ஜாதகம்தான்; ஆனால் அந்தப் பிள்ளையுடையதல்ல!

1996 மே 25 அன்று இலங்கை அரசாங்கம், மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டு, நாட்டுக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே வருஷம் அக்டோபர் 26-ல் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி பாக்கி பத்து வருஷம் நிலுவையில் கிடந்து, 2006 ஏப்ரல் 15-ல்தான் தீர்ந்தது. ஆகவே 1998-ல் கொழும்பில் 6.10 என்றால் நம் கடிகாரத்தில் 5.40. அந்த வருஷங்களில் பிறந்த குழந்தைகளுக்குத்தான் இப்போது கலியாண வயது.

"அரை மணிதானே?" என்கிறீர்களா? நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும், பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். லக்னமோ சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. அரை மணி பிசகினால், நாலு குழந்தைகளில் ஒன்றுக்கு லக்னமே மாறிப் போகும். இல்லாத செவ்வாய் தோஷம் வந்து சேரும். இருப்பது காணாமல் போகும்! ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு நல்ல சம்பந்தத்தை வேண்டாமென்று தள்ளுவதானால், தப்புக் கணக்கை வைத்துத் தள்ளலாமா?

நம் நாட்டிலும் இந்தக் கூத்து நடந்ததுண்டு. யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே ஓடின. அந்த நாளில் பிறந்த உங்கள் பாட்டிக்கு ஜாதகம் கணிப்பதானால் ஒரு மணியைக் கழிக்க வேண்டும். நாழிகைக் கணக்கில் எழுதிய பழைய ஜாதகங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிற நாழிகையை எந்த அரசாங்கத்தாலும் முன்னே தள்ள முடியாதல்லவா?

கம்ப்யூட்டர் முட்டாளல்ல, சொன்னதைச் செய்கிற பிள்ளை. எந்த நாடு எந்தத் தேதியில் கடிகாரத்தை மாற்றியது என்பதற்கு ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கியது. இன்று உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொள்வது. நல்ல சாப்ட்வேர் உங்களிடம் ஊரையும் தேதியையும் கேட்டு, அந்தப் பட்டியலைப் புரட்டி, வித்தியாசத்தைத் தானே கண்டுபிடிக்கும். அரைகுறைச் சாப்ட்வேர் எல்லோருக்கும் ஐந்தரை மணி என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கும்.

உங்கள் வீட்டுச் சாப்ட்வேர் எந்த ஜாதி என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை. கொழும்பு, 1998 ஜனவரி 1 என்று கொடுங்கள். கிரீன்விச் நேரத்துக்கு 6 மணி முந்தியது என்று காட்ட வேண்டும். அடுத்து மதுரை, 1943 ஜனவரி 1. ஆறரை மணி காட்ட வேண்டும். இரண்டிலும் ஐந்தரை காட்டினால், அதை நம்பிப் பிள்ளை வீட்டாருக்குப் பதில் எழுதாதீர்கள்.

கனடாவில் பேரன் பேத்தி பிறந்தால் இன்னொரு வேடிக்கை. டொராண்டோவில் இப்போது நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணியானதும் கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள். அன்று ஒன்றரை மணி இரண்டு தடவை வரும்! இரட்டைக் குழந்தைகளில் அண்ணன் 1.50-க்கும் தம்பி 1.10-க்கும் பிறக்கலாம். முதல் ஒன்றரையா, இரண்டாவது ஒன்றரையா என்று கேட்காத சாப்ட்வேர் அண்ணனைத் தம்பியாக்கிவிடும். "பழைய மணி", "புது மணி" என்று அன்றைக்கே குறித்து வையுங்கள்.

பட்டியலுக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. 1996-ல் கொழும்பு கடிகாரத்தை மாற்றியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய மணியையே வைத்துக்கொண்டார்கள். ஒரே தீவில் இரண்டு மணி! வன்னியில் பிறந்த பிள்ளையின் ஜாதகம் வந்தால், எந்தக் கம்ப்யூட்டரும் உதவாது. அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். "அப்போது உங்கள் வீட்டில் எந்த மணி ஓடியது, அம்மா?" என்று கேளுங்கள். அவளுக்கு நினைவிருக்கும்.