இணையவழிப் பட்டம்: நம் பிள்ளைகளிடம் சபக் கேட்பது யார்?

கடந்த மாதம் ஒரு குடும்பத்தைச் சந்திப்பதற்காகக் கொடைக்கானல் மலையில் உள்ள பேத்துப்பாறைக்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் காபியும் மிளகும் வாங்கி விற்பவர். அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர். தினமும் மலையிறங்கிக் கல்லூரிக்குப் போய்வர வழியில்லாததால், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இணையவழி பி.காம். படிப்பில் சேர்த்திருந்தார்கள். முதல் பருவத்தில் இரண்டு தாள்கள் போய்விட்டன. தேநீர் கொடுத்துவிட்டுத் தகப்பனார் மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், பிள்ளைக்குப் படிப்பு ஏறலை போல இருக்கு. ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பேசி முடிச்சிடலாமா?"

பதில் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையின் கைபேசியை வாங்கி, தோற்றுப்போன கணக்குப்பதிவியல் பாடத்தைத் திறந்து பார்த்தோம். ஒரே காணொளி, 52 நிமிடம். ஆசிரியர் திரையில் உள்ள வரிகளை அப்படியே வாசிக்கிறார். அதன் கீழே அதே வரிகள் பி.டி.எஃப். ஆக இருக்கின்றன. பிறகு பத்து வினாக்கள். தவறாக விடையளித்தால் 'தவறு' என்று மட்டும் வரும், ஏன் தவறு என்று வராது. கடைசியில் 'ஐயம் கேட்க' என்று ஒரு பக்கம். தேய்மானத்தில் நேர்க்கோட்டு முறைக்கும் குறைந்து செல் மதிப்பு முறைக்கும் எப்போது எதை எடுப்பது என்று இந்தப் பிள்ளை இரண்டாம் வாரத்தில் அங்கே கேட்டிருக்கிறார். அவருக்கு மேலும் கீழும் இன்னும் பத்துப் பேரின் கேள்விகள் இருந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. தேர்வே முடிந்துவிட்டது.

நேரலை வகுப்பு இரவு ஏழு மணிக்கு. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. சற்று மேலே சாலை வளைவில் நின்றால்தான் கிடைக்கும். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் யானை நடமாட்டம். பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கத்துத் தோட்டங்களில் யானை புகுந்த செய்தியைப் பத்திரிகைகளில் நம்மில் பலரும் படித்திருப்போம். நேரலையில் இல்லாவிட்டால் வருகைப்பதிவு குறையும். ஒப்படைப்புக்குக் கடைசி நேரம் இரவு 11.59. இந்தப் பாடத்தை வடிவமைத்தவர் எந்த ஊரை மனதில் வைத்து வடிவமைத்தார்?

இந்த ஒரு வீட்டோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். இணையவழிப் பட்டம் படிக்காத, வழக்கமான கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகளையும் இது தொடுகிறது. 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளத்தில் படித்து மதிப்பெண் பெறலாம் என்று விதி செய்தது. 2021இல் அந்த வரம்பு 40 சதவீதமாக உயர்ந்தது. ஐந்து பாடங்களில் இரண்டைத் திரையில் படிக்க இடம் உண்டு என்று பொருள். ஆகவே அந்தத் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிய கேள்வி.

விதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2017 ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்த ஸ்வயம், ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பகுதிகள் வேண்டும் என்கிறது: காணொளி, படிப்பதற்கான பொருள், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பயிற்சி, ஐயங்களைக் கேட்டுத் தெளியும் விவாத அரங்கம். முதல் இரண்டையும் ஒருமுறை தயாரித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். விவாத அரங்கம் அப்படி அல்ல. ஒவ்வொரு பருவமும் ஒரு மனிதர் உட்கார்ந்து கேள்விகளைப் படித்துப் பதில் எழுத வேண்டும்; அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பயிற்சியிலும் 'ஏன் தவறு' என்று எழுதுவதற்கு, ஒவ்வொரு தவறான விடையையும் மாணவர் எந்தக் குழப்பத்தில் தேர்ந்தெடுப்பார் என்று முன்கூட்டியே யோசித்த ஆசிரியர் வேண்டும். சிக்கனம் என்று வரும்போது கத்தி முதலில் இந்த இரண்டின் மீதுதான் விழுகிறது. விளம்பரத்தில் காணொளி தெரியும். பதில் சொல்லும் ஆசிரியர் தெரியமாட்டார்.

மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதிய பாடம் இல்லை. நேற்றைய சபக்கை ஒப்புவிக்காமல் ஹஜ்ரத் இன்றைய சபக்கைத் தரமாட்டார். எங்கே தடுக்கிறது, எந்தச் சொல்லில் நாக்கு தயங்குகிறது என்று அவர் காதால் கேட்டபிறகுதான் பக்கம் புரளும். மாணவர்கள் தமக்குள் உட்கார்ந்து தக்ரார் செய்வோம். அரைகுறையாகப் புரிந்தவன் அங்கே மாட்டிக்கொள்வான். பிறகு அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. புத்தகங்கள் கட்டாக வந்தன. எழுதி அனுப்பிய ஒப்படைப்புகள் ஒரு சிவப்பு மைக் குறிப்புகூட இல்லாமல் மதிப்பெண்ணோடு மட்டும் திரும்பின. தேறினோம், அல்ஹம்துலில்லாஹ்; ஆனால் எதில் பலவீனம் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. (நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் தொடங்கிய இணையவழி ஆலிமா வகுப்புகளில் நாம் பார்த்த சிலவற்றில் ஒலிப்பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு 'கேட்டுக்கொள்ளுங்கள்' என்பதோடு சரி.)

தொலைவிலிருந்து கற்பிப்பதை ஒழுங்காகச் செய்ய முடியாதா? முடியும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு 1971இல் பாடம் தொடங்கியபோது, ஒரு பாடத்தைத் தனி ஒருவரிடம் விடவில்லை. பாட அறிஞர்கள், கற்பித்தல் முறை அறிந்தவர்கள், பதிப்பாசிரியர், பிபிசியின் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்று ஒரு குழுவே கூடி எழுதியது. ஒப்படைப்பைத் திருத்துகிற ஆசிரியர் மாணவருக்கு எழுத்தில் விளக்கம் தருவது அங்கே பாடத்தின் ஒரு பகுதி.

காணொளியைப் பற்றியும் நல்ல ஆய்வு உண்டு. எட்எக்ஸ் தளத்தில் சுமார் 69 லட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்டதை அலசி 2014இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் கவனம் செலுத்திய நேரம் ஏறத்தாழ ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பறை விரிவுரையைப் பதிவுசெய்து ஏற்றியவற்றைவிட, திரைக்கென்றே திட்டமிட்டுச் சிறிதாக எடுத்தவை எடுபட்டன. அதோடு ஒப்பிட்டால் 52 நிமிடக் காணொளிக்கு முன் தூங்கிவிழுந்த பிள்ளையின் மீது என்ன குற்றம்?

நம் பக்கத்திலேயே சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பாருங்கள். வாரம் ஒரு ஒப்படைப்பு. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். மழையோ காய்ச்சலோ சிக்னலோ, நான்கு வாரம் தவறினாலும் மாணவர் விழுந்துவிடுவதில்லை. ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்பதால் வீட்டில் யாரோ செய்துகொடுத்து ஏமாற்றவும் முடியாது. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலம்தான், அது குறைதான். ஆனாலும் யாரோ மாணவரை நினைத்து அந்த 'எட்டு' என்ற எண்ணைப் போட்டிருக்கிறார்.

அரசுகளின் கவனமோ பெரும்பாலும் கருவியிலும் டேட்டாவிலும் நின்றுவிடுகிறது. 2021 ஜனவரியில் தமிழக அரசு சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கோபுரமே எட்டாத இடத்தில் 2 ஜிபியை வைத்து என்ன செய்வது? டிஷ் ஆன்டெனா இருந்தால் மலையிலும் தெரியக்கூடிய 'ஸ்வயம் பிரபா' கல்விச் சேனல்கள் 2017 முதல் இருக்கின்றன. நான்கு மணிநேர நிகழ்ச்சியை ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்புகின்றன, வசதிப்பட்ட வேளையில் பார்த்துக்கொள்ளலாம். பேத்துப்பாறை வீட்டில் டிஷ் இருக்கிறது. அந்தச் சேனல்களைப் பற்றி அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

எனவே, பெற்றோர்களே, சேர்க்கைக்கு முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வாரப் பாடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் ஐயத்துக்கு யார், எத்தனை நாளில் பதில் தருவார் என்று எழுத்தில் கேளுங்கள். பாடத்தைப் பதிவிறக்கி இணையம் இல்லாமல் படிக்க முடியுமா, நேரலை தவறினால் பதிவு கிடைக்குமா, தேர்வு எழுத எந்த ஊருக்குப் போக வேண்டும்? கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். இவற்றைக் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. மஹல்லாவில் கல்வி உதவித்தொகை தரும் ஜமாஅத்துகளும் இணையவழிப் படிப்புக்குப் பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் கேட்கலாம்.

அன்று பேத்துப்பாறையில் தகப்பனாரிடம், சம்பந்தத்துக்குச் சற்றுப் பொறுத்துப் பதில் சொல்லுங்கள் என்றோம். மறுநாள் பகலில் சாலை வளைவில் நின்று, பிள்ளையே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: நேரலை வகுப்புகளின் பதிவு தொடக்கத்திலிருந்தே தளத்தில் இருக்கிறதாம், இணைப்பு இதோ என்று. வருகைப்பதிவைப் பற்றியும் ஐயம் கேட்கும் பக்கத்தைப் பற்றியும் அதில் ஒரு வரியும் இல்லை. தேய்மானத்தை வத்தலக்குண்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் இருபது நிமிடத்தில் விளக்கிவிட்டார். இரண்டு தாள்களையும் மீண்டும் எழுதப் பிள்ளை பணம் கட்டியிருக்கிறார்.