ஏரியை ‘லேக்’ ஆக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

மத்திய ஜல் சக்தி அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன. ‘லேக்’ என்ற தலைப்பில் வருபவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, வெறும் 0.9 சதவீதம். அந்தத் தலைப்பில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ‘டேங்க்’ தலைப்பில் முதலிடம் ஆந்திரத்துக்கு. சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கும் வேலை இரு மாநிலங்களிலும் ஒன்றுதான். அங்கே தெலுங்கில் செருவு எனப்படுவது ‘டேங்க்’ ஆனது, இங்கே ஏரி ‘லேக்’ ஆனது. நிலத்தில் இல்லாத வேறுபாட்டை மொழிபெயர்ப்பு உண்டாக்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும்கூட 19-ஆம் நூற்றாண்டில் மனிதர் தேக்கியவைதாமே!

இத்தகைய அரசுத் தரவை, அதன் தலைப்புகளைச் சோதிக்காமல், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடங்களில் மொத்தமாக ஏற்றுவதை எதிர்க்கவே இதை எழுதுகிறேன். ‘லேக்’ என்ற தலைப்பை நம்பி இயற்கையான ஏரி என்று குறித்துவிட்டால் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் எதையும் தேடவேண்டும் என்று வரைபவருக்குத் தோன்றாது. வற்றாத நீர் என்றும் பொருளாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய் மே மாதத்தில் மாடு மேயும் தரையாகக் கிடக்கும். அந்த மாதத்துச் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கும் தன்னார்வலர் ‘இங்கே நீர் இல்லை’ என்று நல்லெண்ணத்தோடே அழித்துவிடுவார். வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும் நீர்ப்பிடிப்பு யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

உலக வரைபடத்துக்குப் பொது வகைகள் வேண்டும், ஊருக்கு ஒரு சொல் வைக்க முடியாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் செயற்கை நீர்த்தேக்கம், பருவகாலத்தில் மட்டும் நீர் நிற்பது ஆகியவற்றுக்கான குறிச்சொற்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்க அரசின் நீர்த்தரவு ஏரியையும் குட்டையையும் ஒரே வகையில் அடைத்தாலும், வற்றுவதற்கும் வற்றாததற்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கிறது. நமக்குப் புதிய வகை தேவையில்லை. இருப்பதைச் சரியாகப் பொருத்தி, ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி என்ற ஊர்ச்சொல்லைப் பெயரோடு காப்பாற்றினால் போதும்.

முதலில் ஏற்றுவோம், பிறகு திருத்துவோம் என்ற வாதம்தான் ஆபத்தானது. தமிழ்நாட்டில் பாசன ஏரிகள் மட்டுமே ஏறத்தாழ 39,000. நிரல் ஒரே இரவில் ஏற்றும் பிழையைக் கையால் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தப் பிழை செயலிகளுக்கும் ஆய்வுகளுக்கும் பரவிவிடும். அரசு ஆவணமே சான்று என்று ஒதுங்கவும் முடியாது. சதுப்பு நிலங்களைத் தரிசு என்று எழுதிவைத்ததும் அரசு ஆவணங்கள்தாம்.

ஆகவே, ஏற்றும் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஒரே ஒரு வட்டத்தின் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், மே ஆகிய இரு மாதப் படங்களோடும் கிராமக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அடுத்த வட்டத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.