சன்னல் இருக்கை சரி, எந்தப் பக்கம்?

விமானத்தில் சன்னல் இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் நம்மில் பலர். ஆனால், எந்தப் பக்கத்துச் சன்னல் என்று யோசிப்பவர்கள் மிகச் சிலரே. நானும் யோசிக்காதவன்தான்.

சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்ததும், கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு அம்மாவுடன் புறப்பட்டேன். அம்மாவுக்கு அது முதல் விமானப் பயணம். அவருக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்தி, இடப்பக்கச் சன்னலோர 'ஏ' இருக்கையைப் பதிவு செய்தேன். இரண்டரை மணி நேரமும் அவர் பார்த்தது கடலும் மேகமும்தான். இறங்கும் நேரத்தில் வலப்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கைப்பேசியை உயர்த்தினார்கள். அங்கே 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை! இருக்கை வாரைக் கழற்ற முடியாத நேரம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, விடுப்பா" என்றார்.

காசு கொடுத்தும் காட்சியை இழந்ததற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்தை ஒருமுறை பார்க்காத என் அலட்சியமே காரணம்.

கோலாலம்பூரிலிருந்து செல்லும் விமானம் தென்மேற்கிலிருந்து போர்னியோக் கரையை நெருங்குகிறது. அப்போது கடல் இடப்பக்கம், நிலம் வலப்பக்கம். மலையோ நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே, வரிசைக்கு ஆறு இருக்கைகள் உள்ள விமானத்தில் வலப்பக்கச் சன்னலோர 'எஃப்' இருக்கையே நல்லது. காற்றுக்கேற்ப விமானம் வடக்கே சுற்றி வந்து இறங்கினால் இந்தக் கணக்கு மாறலாம். பெரும்பாலும் மாறாது.

பக்கம் மட்டும் போதாது. நடு வரிசைகளில் இறக்கை கீழே உள்ளதை மறைத்துவிடும். இறக்கைக்குப் பின்னால் அமர்ந்தால் இயந்திரத்தின் வெப்பக் காற்றில் காட்சி கலங்கித் தெரியும். அதனால் இறக்கைக்கு முன் வரிசைகளே சிறந்தவை. நேரமும் முக்கியம். கினபாலு மலை காலையில்தான் தெளிவாகத் தெரியும்; முற்பகல் ஏற ஏற மேகம் மூடிக்கொள்ளும்.

'மாணவர்களிடம் ஏது அவ்வளவு பணம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், எல்லாப் பயணத்துக்கும் கொடுக்காதீர்கள். இரவு விமானத்தில் எந்த இருக்கையானாலும் ஒன்றுதான். பகலில் செல்லும் ஒரு வழிக்கு மட்டும், வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அப்படிக் கொடுத்த பிறகு சன்னல் திரையை இழுத்துவிட்டுக் கைப்பேசியில் படம் பார்ப்பது வீண்செலவு. கிழக்கு மலேசியாவைப் பாடநூலில் படித்துத் தேர்வு எழுதியவர்கள் நாம். நமக்கும் அதற்கும் இடையே எவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது என்பதை அந்தச் சன்னல்தான் எனக்குப் புரியவைத்தது. ஐந்து நிமிடம் திசை பார்க்கத் தெரிந்தால், படித்த புவியியல் கண்முன் விரியும்.

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா மீண்டும் வந்தார். இம்முறை காலை விமானம், வலப்பக்கம், முன்வரிசை. மேகத்துக்கு மேலே கரிய பாறை முகடுகள் தெரிந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதைப் பார்த்துக்கிட்டேதான் நீ இத்தனை வருஷம் படிச்சியா?"

அடுத்த முறை இருக்கையைத் தேர்வு செய்யும் முன், வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுடன் வருபவருக்கு அதுவே முதல் பயணமாக இருக்கலாம்.