ஒரே பெயர், இரண்டு தோட்டா

இந்தியக் காலாட்படையின் ரைஃபிள்களில் இன்று முக்கியமாக மூன்று வகைத் தோட்டாக்கள் புழங்குகின்றன. பழைய இன்சாஸுக்கு 5.56 மி.மீ.; அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏகே-203க்கு 7.62 மி.மீ.; சிக் சாவர் நிறுவனத்திடம் வாங்கிய சிக் 716க்கும் 7.62 மி.மீ. கடைசி இரண்டும் ஒன்றுதானே என்றால், இல்லை. மருந்து அடைத்த கூட்டின் நீளம் ஒன்றில் 39 மி.மீ., மற்றதில் 51 மி.மீ. ஒன்றின் தோட்டா மற்றதில் ஏறாது. மலை உச்சிக் காவல்நிலைக்குப் பெட்டி மாறிப் போய்ச் சேர்ந்தால் அங்கிருக்கும் துப்பாக்கி வெறும் தடிதான்.

இந்த நீள வித்தியாசத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ரைஃபிள் தோட்டாக்கள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். சிப்பாய்கள் சுட்டதோ பெரும்பாலும் 300 மீட்டருக்குள். இதைக் கவனித்த ஜெர்மானியர் கூட்டைக் குட்டையாக்கினார்கள். சோவியத் நாடு 7.62×39ஐ உருவாக்கியது, ஏகே-47 அதைச் சுற்றிப் பிறந்தது. அமெரிக்கா வியட்நாமில் இன்னும் சிறிய 5.56க்கு இறங்கியது. கைத்துப்பாக்கிக்கும் பழைய ரைஃபிளுக்கும் நடுவே நிற்கும் இவற்றைத்தான் இடைநிலைத் தோட்டா என்கிறார்கள்.

சிப்பாயின் தோளுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். 120 தோட்டாக்களை மட்டும் எடை போட்டால் 5.56 ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஏகேயுடையது சுமார் இரண்டு கிலோ, சிக் 716க்கானது மூன்று கிலோவை நெருங்கும். ஏகேயின் கூடு அடியிலிருந்து நுனிக்குச் சரிந்து குறுகும். வரிசையாக அடுக்கினால் வளைந்துதான் நிற்கும். அந்த மேகசின் வாழைப்பழம் போலிருப்பது அழகுக்காக அல்ல.

கார்கில் போரின்போது இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் விட்டதாகவும், சுடும்போது சிக்கியதாகவும் புகார்கள் வந்தன. அவை துப்பாக்கியின் குறை. ஆனால் பழி தோட்டாவின் தலையிலும் விழுந்தது. ‘5.56 காயப்படுத்தத்தான் செய்யும், கொல்லாது’ என்ற பேச்சு டீக்கடை வரை பரவியது. எதிரியைக் காயப்படுத்தினால் அவனைத் தூக்கிப்போக இருவர் வேண்டும் என்பதற்காகவே அதை வடிவமைத்தார்கள் என்ற கதை வேறு! எடை குறைவு, பின்னுதைப்பு குறைவு, குறி தப்பாமை: உண்மைக் காரணங்கள் இவ்வளவுதான்.

வேட்டைக்காரரின் கணக்கு வேறு. ஒரே குண்டில் விலங்கு விழ வேண்டும், அடிபட்டு ஓடித் துடிக்கக் கூடாது என்பது அவர் கவலை. அதனால்தான் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலம் மான் வேட்டைக்கு .23 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிளை அனுமதிப்பதில்லை, 5.56 அதில் மயிரிழையில் அடிபட்டுப்போகிறது. போருக்குப் போதுமானது மானுக்குப் போதாது என்பது முரணாகத் தெரியலாம். ஆனால் மானைச் சுடுபவர் 120 தோட்டா சுமப்பதில்லை.

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் பெற்றவர்களுக்கு 7.62ம் .303ம் தடை செய்யப்பட்டவை. ராணுவத் தோட்டா மக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்து அச்சம் அது. ஆனால் இஷாப்பூரில் தயாராகும் .315 ரைஃபிளுக்கு உரிமம் உண்டு. அதன் குண்டு ஏகேயின் குண்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு எடை!

நம் படைகளுக்கு 2019இல் 72,400, 2024இல் மேலும் 73,000 என சிக் 716 வாங்கப்பட்டது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் 500 மீட்டரில் நிற்பவனைச் சுட அது வேண்டும்தான். காடும் சந்தும் நிறைந்த இடங்களில் அந்தக் கூடுதல் எடைக்குப் பலன் இல்லை. 2021இல் ஒப்பந்தமான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203தான் பெரும்பாலான வீரர்களுக்குப் பொருத்தம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘டார்’ ரைஃபிளும் அதே 7.62×39 தோட்டாவையே சுடுகிறது.

சிக்கல் அதோடு தீரவில்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன் எனும் குட்டைத் துப்பாக்கிகளை 5.56இல் வாங்கவும் முடிவாகியிருக்கிறது. அப்படியானால் மூன்று தோட்டாக்களும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். சிக் 716ஐ உயரமான எல்லைக் காவல்நிலைகளோடு நிறுத்திவிட்டு, மற்ற வீரர்கள் சுமக்க வேண்டியது 5.56ஆ, 7.62×39ஆ என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் அடுத்த டெண்டருக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.