துருத்தியும் மூச்சும்

கிளாரினெட்டுக்குத் துணை பியானோ என்பது ஐரோப்பிய அறையிசையில் ஊறிப்போன வழக்கம். எனக்கென்னவோ அக்கார்டியனே பொருத்தமான துணை என்று தோன்றுகிறது. பியானோவில் தட்டிய ஸ்வரம் அக்கணமே தேயத் தொடங்கிவிடும். கிளாரினெட் ஒரு நீண்ட ஸ்வரத்தை மெல்ல வளர்த்தெடுக்கும்போது அதனால் உடன்வர இயலாது. அக்கார்டியனால் இயலும். இரண்டிலும் அதிர்வது ரீட்தான். ஒன்றில் நாணல், மற்றதில் உலோகம். தாழ்ந்த ஒலியில் எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று பிரித்தறிவதே கடினம்.

1829இல் வியன்னாவில் டேமியான் காப்புரிமை பெற்ற அக்கார்டியனை நெடுங்காலம் நடனக்கூடத்தோடும் தெருவோடும் சேர்த்தே பார்த்தார்கள். (நம் ஹார்மோனியத்தின் உறவுக்காரக் கருவி, அதுவும் வசை வாங்கியதுதான்.) அந்தப் பார்வையை மாற்றிய படைப்புகளில் ஒன்று, பயான் என்னும் ரஷ்ய அக்கார்டியனுக்கு சோஃபியா குபைதூலினா 1978இல் எழுதிய ‘டே புரோஃபுண்டிஸ்’. அதில் ஸ்வரமே இல்லாமல் துருத்தி மூச்சுவிடுகிறது.

இன்று இவ்விணைக்கு எழுதுவோரில் சிலர் டாங்கோ, கிளெஸ்மர் நினைவுகளிலேயே தங்கிவிடுகிறார்கள். இனிமைதான், ஆனால் அதற்குப் புதிதாக எழுதவேண்டியதில்லை. துருத்தி திசைமாறும் கணத்தையும் கிளாரினெட் கலைஞர் மூச்செடுக்கும் கணத்தையும் ஒன்றோடொன்று மோதவிடும் படைப்புகளையே நான் தேடிக் கேட்கிறேன்.